அடுத்த அறையில் உறங்கும் குழந்தை

இஸ்திரிப் பெட்டி சூடேறுவதற்குள் மங்கையர்க்கரசி கைப்பேசியை மேசையோரத்தில், ஈரம் படாத இடமாகப் பார்த்து, தண்ணீர்ச் செம்பின்மேல் சாய்த்து நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் என்றால் கஞ்சி போட்டு உலர்த்திய பருத்திச் சேலைகள், அவற்றோடு ‘எல்லைக்கல்’ குழு. நீதிமன்றத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்று, கணவரும் காலமாகி, பாளையங்கோட்டையில் தனியாக வாழும் ஒருத்திக்கு இவ்விரண்டும் போதும் என்றே அவள் இதுவரை எண்ணியிருந்தாள். மகள் வடிவு மடியில் கிடந்த காலத்தில் தொலைக்காட்சியில் வாரந்தோறும் வந்த துப்பறியும் தொடர் ‘எல்லைக்கல்’. இப்போது அதைத் திரைப்படமாக எடுத்து வெள்ளிக்கிழமை வெளியிட்டிருந்தார்கள். அன்றிலிருந்து குழு கொதித்துக்கொண்டிருந்தது. “நம்ம இன்ஸ்பெக்டர் திருவேங்கடம் ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குவாரு. புதுப் படத்துல இந்தத் துருவேஷ் பய சுவத்துல பல்லி மாதிரில்லா ஏறுதான்” என்று ‘பெட்டிக்கடை பால்ராசு’ எழுத, “பழைய திருவேங்கடமா நடிச்ச சோலையப்பன் மொகத்தைச் சுளிச்சது நடிப்புன்னா நெனச்சீரு? வயித்துப்புண்ணு வே, வயித்துப்புண்ணு” என்று ‘ஏட்டு ஏகாம்பரம்’ பதில் போட்டிருந்தார். எல்லாமே புனைபெயர்கள், பெரும்பாலும் தொடரிலிருந்து எடுத்தவை. உண்மைப் பெயரோ ஊரோ தொலைபேசி எண்ணோ யாருக்கும் தெரியாது, கேட்பதும் கிடையாது. குழுவைத் தொடங்கியவள் என்பதால் அவளுக்கு ‘நடுவர்’ என்று பெயர். சண்டை முற்றினால் அவள் சொல்வதே முடிவு. அவள் வகுத்த விதி ஒன்றே ஒன்று, அதுவும் குழுவின் முகப்பிலேயே பொறித்திருந்தது: சான்று இல்லாத கூற்று செல்லாது.

முதற் சேலையின் முந்தானையை விரித்து, விரல் நுனியால் நீர் தெளித்து, கரையோடு கரை சேர்த்து இழுத்தபோது, காலையில் குழுவில் நடந்த வழக்கு மீண்டும் மனத்தில் ஓடத் தொடங்கியது. ஓடுவதற்கு அது ஒன்றும் பெரிய வழக்கல்ல, தொட்டில் காட்சி பற்றியது. பழைய தொடரில் திருவேங்கடம் ஒரு சிறிய வீட்டுக்குள் சுடுவார். சுட்டதும் இயக்குநர் எல்லா ஒலியையும் நிறுத்திவிடுவார். வாய்கள் அசையும், சொல் கேட்காது, நெடுநேரம் ஒன்றுமே கேட்காது, பிறகு எங்கோ கிணற்றுக்கடியிலிருந்து வருவதுபோல் அடுத்த அறைக் குழந்தையின் அழுகை மெல்ல எழும். அந்த மௌனத்துக்காகவே அந்தத் தொடரைக் கும்பிடுகிறவர்கள் குழுவில் இருந்தார்கள். புதுப் படத்தில் துருவேஷ் சுட்டுவிட்டு, தொட்டிலை எட்டிப் பார்த்து, “தூங்கட்டும்” என்று காதோடு சொல்கிறான், குழந்தை உறங்குகிறது. பொய் என்று எழுதியவர் ‘ஆறாம் அறை’. சுழல்துப்பாக்கியில் குண்டு வைக்கும் ஆறு அறைகளில் கடைசியைத் தனக்குப் பெயராகச் சூட்டிக்கொண்டவர் அவர். குழுவிலேயே பிழையில்லாமல் எழுதுகிற ஒரே ஆள். ஒரு கூற்று, அதன்பின் ஒரு காரணம், அதன்பின் ஒரு முற்றுப்புள்ளி. யாரோ ஒரு பேராசிரியர், மனைவியை இழந்தவர், மதுரைப் பக்கம் என்று மங்கையர்க்கரசி மனத்துக்குள் ஓர் உருவம் செய்து வைத்திருந்தாள். அந்த உருவத்தோடு வாதாடுவது வாரத்தில் அவளுக்கு வாய்த்த நல்ல பேச்சு. “மூடிய அறையில் சுட்டால் சுட்டவனுக்கே காது கேட்காது. அடுத்த அறையில் குழந்தை உறங்காது” என்று அவர் எழுத, “அண்ணாச்சி சிவகாசியில பட்டாசு வெடிச்சுப் பாத்தீயளோ?” என்று பால்ராசு சீண்ட, “என்னிடம் இருக்கிறது” என்று அவர் படம் ஒன்றைப் போட்டார். விரிப்பின்மேல் ஒரு சுழல்துப்பாக்கி, கருநீலமாக மினுங்கிக்கொண்டு. பொம்மை என்றார்கள், பொருட்காட்சியில் வாங்கியது என்றார்கள், நடுவரைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். அவள் சொன்னாள். நீதிமன்றத்தில் எத்தனை துப்பாக்கிகளுக்குச் சான்று எண் எழுதிய அட்டை கட்டியிருக்கிறாள்! எல்லாம் துரு, எல்லாம் மண், சில கைப்பிடிகளில் சணல். இப்படிப் பளபளப்பது அசலாக இருக்க வழியில்லை என்று எழுதினாள்: பொம்மை. அதற்கு அவர், “சரி. இன்று பிற்பகல். மூடிய அறை. அடுத்த அறையில் உறங்கும் குழந்தை. ஒலிப்பதிவு வரும்” என்றார். குழு சிரித்தது. அவளும், சிரிக்காமல், நடுவருக்குரிய நிதானத்தோடு ஒரு சொல் எழுதினாள்: காத்திருக்கிறோம்.

அந்தச் சொல் இப்போது சேலை மடிப்பில் சிக்கிய ஊசிபோல எங்கோ உறுத்தியது. அவளிடம் ஒரு பழக்கம், தீர்ப்பு வந்த பிறகும் சான்றை ஒருமுறை திரும்பப் பார்ப்பது. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் படத்தை விரல்களால் பெரிதாக்கினாள். துப்பாக்கியை அல்ல, அதைத்தான் எல்லோரும் பார்த்தாயிற்று. அதன் அடியில் கிடந்ததைப் பார்த்தாள். நீல விரிப்பு, வெள்ளைப் பறவைகள். அழகான விரிப்பு என்று நினைத்தாள், நினைத்தபடியே மூலைக்குப் போனாள், மூலையில் ஓரம் மடித்துத் தைத்திருந்தது. நீல நூல் வந்து, வந்து, சட்டென்று நின்று, அங்கிருந்து கடைசிவரை அரக்கு நூல். நூல் தீர்ந்துபோயிற்று, அன்றைக்குக் கடை அடைப்பு, இருந்த நூலில் முடித்தேன், வடிவுகூட “பாக்கறவங்க என்னம்மா சொல்லுவாவ?” என்றாளே. இல்லை. விரிப்புகள் ஆயிரம் விற்கின்றன. ஓரம் பிரிந்தால் யாரும் தைப்பார்கள், நூல் யாருக்கும் தீரும். அரக்கு நூல் வேறு யார் வீட்டிலும் இருக்கக் கூடாதா? மறுத்தரப்பு வக்கீல் இதைத்தான் முதலில் கேட்பார். ஆனால் ஊசியை இரண்டு முறை ஒரே துளையில் இறக்கி முடிச்சைக் குறுக்காகப் போடுவது அவள் கை. அந்தக் கையை அவள் இப்போது கண்ணாடியில் முகத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேத்தி ஆதிரைக்குப் பெயர் சூட்டிய அன்று தூத்துக்குடிக்கு எடுத்துப்போன விரிப்பு அது. அப்படியானால் பேராசிரியர் இல்லை, மனைவியை இழந்தவர் இல்லை, மதுரைப் பக்கம் இல்லை. சங்கரநயினார். மாப்பிள்ளை. அவள் வந்தால் எழுந்து நிற்பவர். அவரிருக்கும் கூடத்தில் அவள் உட்கார மாட்டாள். அவருக்குக் காப்பி வேண்டுமா என்பதை வடிவிடம் கேட்பாள், வடிவு அவரிடம் கேட்பாள், பதில் அதே வழியில் திரும்பி வரும். அவள் அம்மா அப்படித்தான் இருந்தாள், அதனால் அவளும். கலியாணம் ஆன நாளிலிருந்து அவரோடு நேராக ஒரு வாக்கியம் பேசியதில்லை; பேசாத அந்த மனிதரோடுதான் வாரம் தவறாமல் வாதாடியிருக்கிறாள், அவருடைய முற்றுப்புள்ளிகளை மெச்சியிருக்கிறாள், இன்று காலை அவரைப் பொய்யர் என்றிருக்கிறாள்.

துரு இல்லை என்றுதானே பொம்மை என்றாய், என்று யாரோ கேட்டார்கள், அவளேதான். தூத்துக்குடியில் காற்றே உப்பு. வடிவின் சமையலறையில் அரிவாள்மனை ஒரு வாரம் சும்மா கிடந்தால் செம்பூத்துவிடும், சன்னல் கம்பியைத் தொட்டால் கையில் பொடி ஒட்டும். அந்த ஊரில் இரும்பு இப்படி மினுங்கவேண்டுமானால் ஒருவர் அதை நாள்தோறும் எடுக்கவேண்டும், துடைக்கவேண்டும், எண்ணெய் போடவேண்டும், ஒளித்து வைக்கவேண்டும். நாள்தோறும். சம்பந்தி மேற்கு மலையில் தேயிலைத் தோட்ட மேலாளராக இருந்தபோது உரிமம் வாங்கி வைத்திருந்த துப்பாக்கி. அவர் இறந்ததும் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டதாக வடிவு சொன்னாள், வடிவுக்கு மாப்பிள்ளை சொன்னார். அதற்குச் சான்று கேட்க அப்போது ஏன் தோன்றவில்லை? மாப்பிள்ளை சொல்லைக் கேள்வி கேட்பதா என்றிருந்தது. போன மாதம் வடிவு, “அவ்வொ வீட்ல ஒரு வார்த்தை பேச மாட்டேங்காவம்மா, கப்பல் ஆபீசுல என்னமோ பிரச்சனை போல” என்றபோதுகூட, ஆம்பளைங்க அப்படித்தான் என்று சொல்லிவிட்டுக் குழுவுக்குத் திரும்பினாள். அங்கே ‘ஆறாம் அறை’ பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். துணி கருகும் வாடை வந்தது. பெட்டியை எப்போது மறுபடி சேலைமேல் வைத்தாள் என்று தெரியவில்லை. எடுத்தாள், முந்தானையில் பெட்டியின் அச்சு பழுப்பாக விழுந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே குழுவில் எழுதினாள்: ‘தீர்ப்பு மாற்றப்படுகிறது. படத்தில் இருப்பது அசல். சான்று ஏற்கப்பட்டது. சோதனை தேவையில்லை.’ பால்ராசு உடனே குதித்தான்: “நடுவரம்மா பயந்துட்டாவளா? பிக்பாக்கெட்டு கேசுக்கே நாலு சாட்சி கேப்பாவளே!” அதன்கீழே அந்தப் பழகிய நடை, நிதானமாக, பிழையில்லாமல் வந்து நின்றது: “இரக்கத் தீர்ப்பு வேண்டாம், நடுவர் அவர்களே. குழந்தை இப்போதுதான் உறங்கியது.”

வடிவின் எண்ணை அழுத்தினாள். மணி போனது, போனது, நின்றது. மறுபடியும். எடுக்கவில்லை. அந்த வீட்டை அறை அறையாக நினைத்துப் பார்த்தாள், நினைக்காதே என்றாலும் கால் தானே நடந்தது: வாசல், கூடம், கூடத்துக்குப் பின்னால் ஒரே நீளமான அறை, அதை இரண்டாக்குவதற்கு வீட்டுக்காரர் அடித்துவைத்த ஒட்டுப்பலகைத் தடுப்பு. அதன்மேல் காகிதம் ஒட்டி, பூ வரைந்து, சுவர் மாதிரியே ஆக்கியிருந்தாள் வடிவு. “தட்டுனாத்தான் தெரியும், இல்லாட்டா செவருன்னு சொல்லுவ” என்று அப்போது சிரித்தாள். தடுப்பின் இந்தப் பக்கம் கட்டில், கட்டிலில் ஆதிரை. மாப்பிள்ளை ஒலியைப் பற்றித்தான் யோசித்திருப்பார். ஒலியைப் பற்றித்தான் எல்லோரும் கேட்டோம். குண்டு எங்கே போகும் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லையே, படத்தில் அது போவதே இல்லையே! பல ஆண்டுகளுக்கு முன் சான்றுப் பொருளாக ஒரு பலகைக் கதவு வந்தது நினைவுக்கு வந்தது. யாரையும் கொல்ல நினைக்காத ஒருவன், முயல் வேட்டைக்குத் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தவன். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் மனைவி மாவாட்டிக்கொண்டிருந்தாள். கதவின் கொண்டியில் அட்டையைக் கட்டிவிட்டு, அறையில் யாரும் இல்லாதபோது, மங்கையர்க்கரசி குனிந்து குண்டு போன துளைவழியே பார்த்தாள். ஏன் பார்த்தாளோ, அந்தப் பக்கம் நீதிபதியின் காலி நாற்காலி தெரிந்தது, வட்டமாக, மிக அருகில். காவல் நிலையத்துக்குச் சொல்லலாம். சொன்னால், நேரில் பார்த்தீர்களா அம்மா என்பார்கள், எந்த நூல் என்பார்கள். சொல்லி, அவர்கள் கிளம்பி, வண்டி வந்து. வடிவிடம் துப்பாக்கி என்று சொன்னால் அவள் உள்ளே ஓடுவாள், பிடுங்குவாள். பிடுங்கும்போது வெடித்த துப்பாக்கிகளுக்கும் அவள் அட்டை கட்டியிருக்கிறாள். மணி போய்க்கொண்டேயிருந்தது.

“என்னம்மா, இத்தன தடவ கூப்பிட்டிருக்க? சத்தத்த அமத்தி வச்சிருந்தேன்.” வடிவு கிசுகிசுத்தாள்.

“பிள்ள எங்க?”

“மெதுவாப் பேசும்மா. இப்பம்தான் தூங்குனா. அவ்வொ சொன்னாவ, நீயும் பக்கத்துலயே படுத்துக்கோ, முழிக்காளா பாருன்னு. என்னமோ சவுண்டு டெஸ்டாம்.”

“மாப்பிள்ளை எங்க இருக்காவ?”

“அந்தப் பக்கந்தான். சன்னலெல்லாம் அடச்சு, மெத்தையத் தூக்கி நிறுத்திக்கிட்டுக் கெடக்காவ. எத்தன நாளைக்கு அப்புறம் சிரிச்ச மொகமா இருக்காவ தெரியுமா? நான் எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்.”

“மெத்தைய எந்தப் பக்கமா நிறுத்துதாவ?”

“எங்க பக்கமாத்தான். தடுப்புல சாச்சு. ஏம்மா?”

பஞ்சு. பஞ்சும் ஒட்டுப்பலகையும் பூ வரைந்த காகிதமும். “வடிவு, பிள்ளைய எழுப்பு.”

“என்னது?”

“எழுப்பு. அழட்டும்.”

“ஒனக்கென்ன கோட்டியா புடிச்சிருக்கு? தோளுல போட்டு ஆட்டி ஆட்டி என் கையி ரெண்டும் வுட்டுப்போச்சு.”

“அப்பம் கிள்ளு.”

“அம்மா!”

“கிள்ளுட்டி!”

அந்தக் குரலை வடிவு பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. அதனால்தான் கேள்வி கேட்காமல் செய்தாள். முதலில் ஒரு திகைப்பு, பிறகு ஆதிரையின் அழுகை, நெஞ்சு நிறைந்து, வீட்டை நிறைத்து. தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போ, தள்ளிப் போ, ஏன் என்று கேட்காதே என்று மங்கையர்க்கரசி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தடுப்புக்கு அப்பாலிருந்து ஓர் ஆண்குரல், சினமில்லாமல், மிகத் தணிந்து வந்தது: “யாரு எழுப்புனா?” “அவளா முழிச்சிட்டா” என்றாள் வடிவு. தொடர்பு அறுந்தது. மங்கையர்க்கரசி நின்ற இடத்திலேயே நின்றாள். என் மகள் பொய் சொன்னாள், சொல்லத் தேவையில்லாத இடத்தில், யோசிக்காமல், பழகிய வாயால். அம்மா எழுப்பச் சொன்னாள் என்றால் என்ன ஆகிவிடும் என்று அஞ்சினாள்? இந்த அச்சத்துக்கும் யாராவது நாள்தோறும் எண்ணெய் போட்டிருக்க வேண்டும், மினுமினுவென்று, துருவில்லாமல், நான் பார்த்துவிட்டுப் பொம்மை என்று சொல்லும்படியாக. கைப்பேசி ஒளிர்ந்தது. “சோதனை ஒத்திவைக்கப்படுகிறது. குழந்தை விழித்துக்கொண்டது.” பால்ராசு கைகொட்டும் பொம்மைகளை வரிசையாகப் போட்டிருந்தான். “அண்ணாச்சி, நல்ல சாக்கு! பிள்ளைய வளத்து, கட்டிக்குடுத்து, அப்புறம் டெஸ்ட்டு வையும்” என்று ஏகாம்பரம் எழுதியிருந்தார். அவர்களைத் தடுக்கவேண்டும் என்று தோன்றியது; என்ன சொல்லித் தடுப்பது? சேலையை மடிக்கத் தொடங்கினாள், கருகிய பகுதி உள்ளே போகும்படி. நாளைக் காலை முதல் வண்டிக்குப் போகவேண்டும், வடிவையும் பிள்ளையையும் அழைத்து வந்துவிடவேண்டும். ஊரில் கோயில் கொடை என்று சொல்லலாம், பிறகு காவல் நிலையத்தில் மனுவாக எழுதிக் கொடுக்கலாம். எல்லாம் ஓர் ஒழுங்கில் வந்து நின்றது. ஒழுங்கு வந்ததும் மூச்சும் வந்தது. இரண்டாம் மடிப்பை எடுத்தபோது செம்பின்மேல் சாய்ந்திருந்த திரை மறுபடி ஒளிர்ந்தது. முற்றுப்புள்ளிகளோடு. “குழந்தை மீண்டும் உறங்குகிறது. பொறுத்திருங்கள்.”

வடிவை அழைத்தாள், கைப்பேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அணைத்தது யார்? எண்களின் வரிசையில் கீழே, கீழே, எப்போதோ அவசரத்துக்கு என்று வடிவு பதிந்து வைத்த பெயர்: மாப்பிள்ளை. ஒருமுறைகூட அழுத்தியதில்லை. ஒரே மணியில் எடுத்துவிட்டார்.

“அத்தையா? சொல்லுங்க.”

குரல் இவ்வளவு இளமையானது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. “மாப்பிள்ளை,” என்றாள், “நான்தான் நடுவர்.”

அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. பழைய தொடரின் அந்த மௌனம் போலவே நீண்டுகொண்டு போனது. அதில் ஏதோ இரும்பு மேசையில் வைக்கப்படுகிறதா, எடுக்கப்படுகிறதா என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டாள்.

“நீங்களா?” என்றார் கடைசியில். சிரித்தாரோ என்னவோ. “அப்படின்னா ஒங்களுக்குச் சொன்னா வெளங்கும் அத்தை. அவனுங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது. சத்தத்த இந்தப் போனுலயே நீங்க கேட்டுட்டுத் தீர்ப்புச் சொல்லுங்க.”

“தீர்ப்புச் சொல்லியாச்சு. அசல்தான். எனக்குச் சான்று வேண்டாம். வடிவு எங்க? அது பலகை, மாப்பிள்ளை. செவரு இல்ல, பலகை.”

“வெயிலு தாங்கலன்னு உள்ள வந்துட்டா. பிள்ளகூடப் படுத்திருக்கா.” பிறகு, ஒரு நோயாளியின் அருகில் நின்று சொல்வதுபோல, மிகுந்த மரியாதையோடு: “மெதுவாப் பேசுங்க அத்தை. பிள்ள தூங்குது.”

மங்கையர்க்கரசி கத்தினாள். ஆதிரை என்று கத்தினாள். மாப்பிள்ளை காதோரம் தொண்டை கிழிய அவள் ஆதிரை, ஆதிரை, ஆதிரை என்று கத்தியதில் செம்பு சரிந்து தண்ணீர் மேசையெல்லாம் ஓடியது, எதிர்வீட்டுச் சன்னல் திறந்தது, “என்னக்கா, என்னாச்சு?” என்று யாரோ கேட்டார்கள், அவள் நிறுத்தவில்லை. மூச்சு வாங்க ஒருமுறை நிறுத்தியபோது, தொலைவில், பலகைக்கு அப்பால், கிணற்றுக்கடியிலிருந்து வருவதுபோல, ஓர் அழுகை எழும்பியது.

“எழுப்பிட்டீங்களே அத்தை” என்றார் சங்கரநயினார், வருத்தத்தோடு. “இனிமே திரும்பத் தூங்கவைக்கணும்.”

அவள் இஸ்திரிப் பெட்டியின் இணைப்பைப் பிடுங்கினாள். இஸ்திரி போடாத சேலையில் தெருவாசல் தாண்டாதவள், உடுத்தியிருந்த கசங்கலோடு, கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கினாள். பேருந்து நிலையம்வரை, அங்கிருந்து தூத்துக்குடிவரை, இந்தத் தொடர்பு அறுந்துவிடக் கூடாது. பிள்ளை கண்ணயர்ந்துவிடக் கூடாது. எதிர்வீட்டுக்காரி ஓடி வந்து கையைப் பிடித்தாள். அவள் கையை உதறவில்லை, அப்படியே அவளையும் இழுத்துக்கொண்டு நடந்தாள். “ஒன் போனுல போலீசுக்குப் போடு, தூத்துக்குடின்னு சொல்லு” என்று அவளிடம் வாயசைத்துக் காட்டிவிட்டு, கைப்பேசியை வாயருகே கொண்டுவந்து, பேத்தியின் பெயரைச் சொல்லி மறுபடியும் கத்தத் தொடங்கினாள்.